மரத்துக்குக் கணக்கு உண்டு, விரலுக்கு இல்லை

செங்கோட்டைப் பக்கத்துச் சா மில் ஒன்றுக்குள் நுழையும் தேக்குத் தடிக்கு ஓர் ஊர் உண்டு, பேர் உண்டு. எந்தக் கூப்பில் வெட்டியது அல்லது எந்தத் துறைமுகத்தில் இறங்கியது, எத்தனை கன அடி, யாருக்குப் போகிறது என்றெல்லாம் சீட்டு பேசும். மில்லுக்கும் உரிமம் வேண்டும். காடழிப்புக்கு எதிரான கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002 அக்டோபரில் பிறப்பித்த ஆணைக்குப் பிறகு, மத்திய அதிகாரக் குழுவின் முன் அனுமதி இல்லாமல் எந்த மாநிலமும் புதிய மர அறுவை ஆலையைத் திறக்கவிட முடியாமல் போனது. 2016-இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மரத்தொழில்களுக்கென்றே வழிகாட்டு நெறிகள் வகுத்து, மாநிலம்தோறும் குழு அமைத்து அந்தப் பொறுப்பை அவற்றிடம் ஒப்படைத்தது. காட்டைக் காப்பாற்ற வந்த இந்த ஏற்பாடுகளை நாம் முழுமனதாக வரவேற்கிறோம். உரிமம் பெற்ற ரம்பம் எங்கே ஓடுகிறது என்பது இவற்றால் அரசுக்குத் தெரிந்திருக்கிறது.

அந்த ரம்பத்தில் போன ஆண்டு எத்தனை பேரின் விரல் போனது என்று கேட்டால் மட்டும் எந்த அலுவலகத்திலும் பதில் இல்லை.

எழுதி வைக்க வேண்டும் என்று சட்டம் சொல்லாமல் இல்லை. காயம்பட்டவர் 48 மணி நேரம் வேலைக்கு வர முடியாமல் போனாலே தொழிற்சாலை ஆய்வாளருக்குத் தகவல் தர வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 88-ஆம் பிரிவு சொன்னது. ஆனால் அந்தச் சட்டத்துக்குள் வர, மின்சாரத்தில் இயங்கும் இடமாக இருந்தால் குறைந்தது 10 தொழிலாளர்கள் இருக்க வேண்டியிருந்தது. நம் ஊர் மரத்தொழிலில் பெரும்பகுதி ஒரு முதலாளி, ஒரு மேஸ்திரி, நான்கைந்து ஹெல்பர்கள் என்று நடக்கும் தொழில். கதவு, ஜன்னல் செய்யும் பட்டறையும், கட்டில், பீரோ செய்யும் கொட்டகையும், கட்டி முடியாத அடுக்குமாடியில் பிளைவுட் அறுத்து அலமாரி அடிக்கும் நான்கு பேரும் சட்டத்தின் கண்ணில் தொழிற்சாலை ஆவதில்லை. அங்கே விரல் போனால் பக்கத்து கிளினிக்கில் தையல் போடப்படுகிறது. மருத்துவச் செலவை முதலாளி ஏற்கிறார், மேலே சில ஆயிரம் கையில் வைக்கிறார், விஷயம் முடிந்துவிடுகிறது. மருத்துவச் சீட்டில் ‘வீட்டில் அடிபட்டது’ என்று எழுதவைப்பதும் உண்டு. இப்படி எங்கும் பதிவாகாமல் போகும் காயங்களை விபத்து என்று சொல்லவே நமக்குத் தயக்கமாக இருக்கிறது. எப்படி நடக்கும் என்று முன்கூட்டியே தெரிந்த ஒன்று, தெரிந்த விதத்திலேயே திரும்பத் திரும்ப நடக்கிறது.

மேசை ரம்பத்தை எடுத்துக்கொள்வோம். 10 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால் அதன் பற்கள் மணிக்கு 140 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் ஓடுகின்றன. ஈரம் காயாத மரமோ, முறுக்கு விழுந்த மரமோ அறுபடும்போது, அறுத்த வாய் மறுபடி மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வும். அப்போது பிளேடின் பின்பக்கத்துப் பற்கள் மேலே எழும்பும் வேகத்தில் பலகையைத் தூக்கி, தள்ளிக்கொண்டிருக்கும் ஆளை நோக்கி எறியும். பலகை பறந்துவிடும். அதை அழுத்திக்கொண்டிருந்த கை பிடிமானம் இழந்து நேராக பிளேடில் போய் விழும். இதைத் தடுக்க பிளேடுக்குப் பின்னால், அதே நேர்கோட்டில், அறுத்த வாயைத் திறந்தே வைத்திருக்கும் ஓர் இரும்புத் தகடு போதும். பிளேடுக்கு மேலே ஒரு மூடியும், பலகையின் கடைசித் துண்டைத் தள்ள கைக்குப் பதிலாக ஒரு தள்ளுகட்டையும் சேர்ந்துவிட்டால் பெரும்பாலான விரல்கள் தப்பிவிடும். இந்த மூன்றும் நேற்றுக் கண்டுபிடித்தவை அல்ல. இந்திய மாநிலங்களின் தொழிற்சாலை விதிகளில் மரவேலை இயந்திரங்களுக்கென்றே உள்ள தனி அட்டவணையில் மூன்றும் கட்டாயம் என்று பல பத்தாண்டுகளாக இருக்கிறது. தள்ளுகட்டைக்கு ஆகும் செலவு பட்டறையில் கிடக்கும் ஒரு மரத்துண்டு. நம் பட்டறைகளில் எத்தனையில் அது தொங்குகிறது?

இழைப்பு மெஷினில் ஆபத்து வேறு மாதிரி வருகிறது. சிறு கட்டையைக் கையால் அழுத்தித் தள்ளும்போது ஒரு கணுவில் கத்தி இடித்தால் கட்டை துள்ளிப் போய்விடும், கை கத்தியின் மேல் இறங்கிவிடும். ரம்பம் வெட்டினால் துண்டு கிடைக்கும், ஒட்டவைக்க முயலலாம். இழைப்பு மெஷின் சீவிவிடுவதால் ஒட்டவைக்கத் துண்டே மிஞ்சாது. பாதுகாப்புக்காக என்று சொல்லி சில இடங்களில் கையுறை மாட்டிவிடுகிறார்கள். சுழலும் கத்திக்கு முன்னால் கையுறை ஆபத்தைக் கூட்டத்தான் செய்கிறது. அதன் நூல் சிக்கினால் கை முழுவதையும் உள்ளே இழுத்துவிடும். தோளில் தொங்கும் துண்டும், தளர்ந்த சட்டைக் கையும் அப்படித்தான். ஆய்வுக்கு யாரோ வருகிறார்கள் என்று அவசரமாகக் கையுறை வாங்கி மாட்டும் முதலாளிகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கடந்த சில ஆண்டுகளில் இதைவிட மோசமான ஒரு வழக்கம் பரவியிருக்கிறது. கல்லும் டைல்ஸும் வெட்டுவதற்கென்று வந்த சிறிய மார்பிள் கட்டரை வாங்கி, மூடியைக் கழற்றி, மரம் அறுக்கும் பல் பிளேடை மாட்டி, ஒரு பிளைவுட் பலகையில் ஓட்டை போட்டுத் தலைகீழாகத் திருகிவிடுகிறார்கள். சில ஆயிரம் ரூபாயில் மேசை ரம்பம் தயார். தூக்கிக்கொண்டு எந்த வீட்டுக்கும் போகலாம். ஆனால் அந்த மோட்டார் நிமிடத்துக்கு 12,000 சுற்று சுற்றக்கூடியது. நான்கு அங்குலத்துக்குச் சற்று அதிகமான அந்தச் சிறு பிளேடின் பற்கள் மணிக்கு 240 கிலோமீட்டரைத் தாண்டி ஓடுகின்றன. அதில் பின்தகடு இல்லை, மூடி இல்லை, அவசரத்துக்கு நிறுத்தக் கைக்கெட்டும் இடத்தில் சுவிட்சும் இல்லை. சுவிட்ச் பலகைக்கு அடியில், எப்போதும் ‘ஆன்’ நிலையில் பூட்டப்பட்டிருக்கும். ஆங்கிள் கிரைண்டரில் பல் பிளேடு மாட்டி மரம் அறுப்பதும் இதற்குச் சற்றும் குறைந்ததில்லை. கையில் பிடித்திருக்கும் கருவி ஒரு கணுவில் மாட்டித் திமிறினால் கழுத்துக்கோ தொடைக்கோ பாயும். நகரங்களில் எழும் ஒவ்வொரு அடுக்குமாடியிலும் இந்த இரண்டு கருவிகளும் பகலெல்லாம் ஓடுகின்றன. உள் அலங்கார வேலைக்குப் பல லட்சம் செலவிடும் வீட்டுக்காரருக்கு, தன் வீட்டின் வரவேற்பறையில் இப்படி ஒன்று ஓடுவது தெரிவதே இல்லை.

நம் ஊருக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு. மின்சாரம் போகிறது. மெஷின் நின்றுவிட்டதே என்று ஹெல்பர் தூளைத் தள்ளவோ, சிக்கிய சிம்பை எடுக்கவோ கையை உள்ளே விடுகிறார். மின்சாரம் வருகிறது. சாதாரண சுவிட்சில் இணைத்த மெஷின், யாரும் தொடாமலே ஓடத் தொடங்கிவிடும். மின்சாரம் போனதும் தானாக விடுபட்டு, மறுபடி பச்சைப் பொத்தானை அழுத்தினால்தான் ஓடும் ஸ்டார்ட்டர் சில ஆயிரம் ரூபாய்க்குக் கடையில் கிடைக்கிறது. விவசாயக் கிணற்று மோட்டாரைக் காப்பாற்ற ஸ்டார்ட்டர் வேண்டும் என்று தெரிந்த நாட்டில், மனிதக் கையைக் காப்பாற்ற அது வேண்டும் என்று தெரியாமல் இருப்பதை எப்படி மன்னிப்பது?

‘கவனமாக இருந்தால் ஏன் அடிபடுகிறது’ என்ற பேச்சு பட்டறையிலும் உண்டு, அலுவலகத்திலும் உண்டு. ‘அவனேதான் மூடியைக் கழற்றினான்’ என்பது அடுத்த வாக்கியம். கழற்றியிருக்கலாம். அறுவைக் கூலி கன அடிக் கணக்கில் போகும்போது, மூடியைத் தூக்கி இறக்கும் ஒவ்வொரு விநாடியும் கூலியைக் குறைக்கிறது. மேஸ்திரி கழற்றச் சொன்னால் நேற்று வந்த ஹெல்பர் மறுக்க முடியாது. பல இடங்களில் மூடி மெஷினில் ஏறியதே இல்லை, வந்த பெட்டியிலேயே கிடக்கிறது. பத்து மணி நேரம் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் எந்த மனிதனின் கவனமும் ஒரு நொடி தவறத்தான் செய்யும். அந்த ஒரு நொடிக்காகத்தான் மூடி. கவனத்தை மட்டுமே நம்பி ஓடும் மெஷின், குறைபாடுள்ள மெஷின்.

இந்தப் பழிபோடல் வெறும் பேச்சோடு நிற்பதில்லை, பணத்தையும் பறிக்கிறது. தரப்பட்ட பாதுகாப்புச் சாதனத்தைத் தொழிலாளி வேண்டுமென்றே அகற்றினார் என்று காட்டிவிட்டால், மரணமோ நிரந்தர முழு ஊனமோ அல்லாத காயத்துக்கு முதலாளி இழப்பீடு தர வேண்டியதில்லை என்று 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம் ஒரு வாசலைத் திறந்து வைத்தது. விரல் இழப்பு பகுதி ஊனம்தான். ஆகவே அந்த வாசல் மரத்தொழிலாளிக்கு எதிராகத்தான் திறக்கிறது. ஆனால் ‘தரப்பட்ட’ என்ற சொல்லை நம் தொழிற்சங்கங்கள் இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். மூடியே வாங்கித் தராத முதலாளிக்கு இந்த வாதம் கிடையாது.

சட்டப்படி ஒரு விரலுக்கு என்ன கிடைக்கும் என்பது பட்டறைகளில் பெரும்பாலோருக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பது சிலருக்கு வசதியாகவும் இருக்கிறது. கட்டைவிரல் முழுதும் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு என்று சட்டத்தின் அட்டவணை கணக்கிடுகிறது. ஆள்காட்டி விரலுக்கு 14, நடுவிரலுக்கு 12, மோதிர விரலுக்கோ சுண்டுவிரலுக்கோ 7, ஒரு கையின் நான்கு விரல்களும் போனால் 50. கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் சம்பளத்தின் உச்சவரம்பு 2020 முதல் மாதம் 15,000 ரூபாய். 30 வயதுத் தொழிலாளி ஒருவர் அந்த அளவு சம்பளம் வாங்குகிறார் என்றால், கட்டைவிரலுக்கு ஏறக்குறைய 5 லட்சத்து 61 ஆயிரம் ரூபாயும், ஆள்காட்டி விரலுக்கு ஏறக்குறைய 2 லட்சத்து 62 ஆயிரம் ரூபாயும் வர வேண்டும். ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் 12 சதவீத வட்டி. காரணமில்லாமல் இழுத்தடித்தால் தொகையில் பாதி வரை அபராதம். இயந்திர சக்தியோ மின்சக்தியோ கொண்டு உற்பத்தி நடக்கும் இடத்தில் வேலை பார்ப்பவருக்கு, அங்கே மூன்று பேர்தான் இருந்தாலும் இந்த உரிமை உண்டு. 10 பேர் வரம்பெல்லாம் இதில் கிடையாது. இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்புக்குள் வந்துவிட்ட இந்த உரிமை, கிளினிக் வாசலில் சில ஆயிரத்துக்குக் கைமாறிப் போகிறது.

அட்டவணைச் சதவீதத்தோடு எல்லாம் முடிந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒடிசாவில் ஒரு தியேட்டருக்கு அலங்கார மரவேலை செய்துகொண்டிருந்த தச்சர் ஒருவர் கீழே விழுந்து இடது கையை முழங்கைக்கு மேல் இழந்தார். பகுதி ஊனம்தான் என்று முதலாளி வாதாடினார். ஒரு கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே இது முழு ஊனமே என்று 1975 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொன்னது. விபத்து நடந்த அன்றே இழப்பீடு தரவேண்டிய கடனாகிவிடுகிறது என்றும் சொன்னது. ஒரு தச்சரின் வழக்கில் பிறந்த அந்தத் தீர்ப்பு ஐம்பது ஆண்டுகளாக நாடெங்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. தச்சுப் பட்டறைகளுக்கு மட்டும் அது இன்னும் வந்து சேரவில்லை.

இப்போது அபாயமணி அடிப்பதற்குக் காரணம் இருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத்தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்துவிட்டதாக மத்திய அரசு அறிவித்தது. பழைய தொழிற்சாலைகள் சட்டம் போய், பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு வந்திருக்கிறது. அதில் மின்சாரத்தில் இயங்கும் இடம் தொழிற்சாலை ஆக வேண்டுமானால் 10 பேர் போதாது, 20 பேர் வேண்டும். 12 பேர், 15 பேர் வேலை பார்க்கும் சா மில்கள் நிறையவே உண்டு. நேற்றுவரை தொழிற்சாலையாக இருந்த அவை இன்று அந்த வரையறைக்கு வெளியே. 10 பேர் இருந்தால் பொதுவான கடமைகள் பொருந்தும் என்பது உண்மைதான். ஆனால் தொழிற்சாலைக்கென்று எழுதப்பட்ட விதிகளின் பிடி தளர்கிறது. இதே சட்டத்தொகுப்பில் பாராட்ட வேண்டிய ஒன்றும் இருக்கிறது. கடும் காயம் ஏற்பட்டால் முதலாளிக்கு விதிக்கும் அபராதத்தில் பாதிக்குக் குறையாமல் காயம்பட்டவருக்கே தர நீதிமன்றம் உத்தரவிடலாம். ஆனால் 10 பேருக்கும் குறைவான பட்டறையில் விரலை இழப்பவருக்கு அதனால் என்ன பயன்?

மறுபக்கம் தொழில் பெரிதாகப் போகிறது. தூத்துக்குடியில் 1,100 ஏக்கருக்கும் அதிகமான பரப்பில் சர்வதேச அறைகலன் பூங்காவுக்கு 2022 மார்ச்சில் முதலமைச்சர் அடிக்கல் நாட்டினார். தமிழகத்தை அறைகலன் ஏற்றுமதி மாநிலமாக்கும் கனவு நல்ல கனவு. பூங்காவுக்குள் வரும் பெரிய ஆலைகளில் நல்ல மெஷின்களும் வரும் என்று நம்பலாம். ஆனால் எந்தப் பெரிய ஆலையும் தன்னந்தனியாக இயங்குவதில்லை. கால் அறுத்துத் தர ஒரு பட்டறை, சட்டம் இழைத்துத் தர ஒரு பட்டறை என்று உள்ஒப்பந்தம் ஊர் ஊராக இறங்கும். விரல்கள் அங்கேதான் போகும். கேரளத்தின் பெரும்பாவூர் நமக்குப் பக்கத்திலேயே இருக்கும் பாடம். நாட்டின் பெரிய பிளைவுட் மையங்களில் ஒன்றான அந்த ஊரை அசாம், மேற்கு வங்கம், ஒடிசாவிலிருந்து வந்த தொழிலாளர்கள் தாங்கி நிற்கிறார்கள். 2023 ஏப்ரலில் அங்கே ஒரு பிளைவுட் ஆலையில் புகைந்துகொண்டிருந்த மரக்கழிவுக் குவியலின் பள்ளத்தில் மேற்கு வங்கத் தொழிலாளி ஒருவர் விழுந்து இறந்தார். மொழி தெரியாத, முதல்நாளே மெஷினில் நிறுத்தப்படுகிற, தட்டிக்கேட்க உறவினர் யாரும் இல்லாத தொழிலாளர்களைத்தான் தமிழகத்து மரத்தொழிலும் இன்று அதிகமாகச் சேர்க்கிறது.

அடிபட்ட கைக்குச் சிகிச்சை தருவதில் தமிழகம் பேர்பெற்ற இடம். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் பேராசிரியர் ஆர். வெங்கடசாமி கை அறுவை சிகிச்சைக்கென்று உருவாக்கிய துறையும், விரல்நுனிக் காயங்களுக்கு அவர் 1980-இல் எழுதி வெளியிட்ட முறையும் உலகெங்கும் பாடமாக இருக்கின்றன. கோவையில் டாக்டர் எஸ். ராஜசபாபதியின் குழு துண்டான கைகளை மறுபடி இணைக்கும் பணியைப் பல்லாண்டுகளாகச் செய்துவருகிறது. அந்த மருத்துவர்களுக்கு நன்றி சொல்லும் கையோடு, அவர்களிடம் வரும் கைகளின் எண்ணிக்கையைக் குறைப்பது யார் கடமை என்றும் கேட்டாக வேண்டும்.

வெளிநாடுகளில் இது தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டோம். அமெரிக்காவில் 2015-இல் மட்டும் மேசை ரம்பத்தின் பிளேடில் பட்டு அவசர சிகிச்சைக்கு வந்தவர்கள் சுமார் 30,000 பேர் என்று அந்நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் மதிப்பிட்டது. தோல் பட்ட ஐந்து மில்லி விநாடிக்குள் பிளேடை நிறுத்திவிடும் ரம்பத்தை ஸ்டீபன் காஸ் என்பவர் 1999-இல் கண்டுபிடித்தும், அதைக் கட்டாயமாக்கும் முயற்சி தொழில்துறையின் எதிர்ப்பில் ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. ஆனால் பிரிட்டனில் மரவேலை மெஷின் நிறுத்திய 10 விநாடிக்குள் ஓய்ந்து நிற்கும்படி பிரேக் இருக்க வேண்டும் என்ற நிலை வந்தது. நாம் கேட்பது விலையுயர்ந்த அமெரிக்க ரம்பத்தை அல்ல. ஒரு தகடு, ஒரு மூடி, ஒரு ஸ்டார்ட்டர்.

மத்திய அரசு செய்யக்கூடியது அதன் கையிலேயே இருக்கிறது. உயிருக்கு ஆபத்தான வேலை என்று அறிவிக்கப்பட்ட தொழிலில் ஒரே ஒரு தொழிலாளி இருந்தாலும் பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு பொருந்தும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. மின்ரம்பமும் இழைப்பு மெஷினும் ஓடும் எல்லா இடங்களையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். தமிழக அரசு அதை எழுத்தில் கேட்க வேண்டும். அறிவிக்கை வரும்வரை மாநிலம் கைகட்டி நிற்கத் தேவையில்லை. வனத்துறையிடம் உரிமம் பெற்ற மில்களின் பட்டியல் இருக்கிறது. அதைத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்திடம் கொடுத்து, மூடியும் தகடும் ஸ்டார்ட்டரும் இல்லாத ரம்பத்துக்கு உரிமம் புதுப்பிக்கப்படாது என்று சொல்ல இரண்டு துறைகள் ஒரு மேசையில் உட்கார்ந்தால் போதும். பிரதமரின் விஸ்வகர்மா திட்டத்தில் தச்சர்களுக்கு 15,000 ரூபாய்க்குக் கருவிகள் தரப்படுகின்றன, மாநில அரசும் கைவினைஞர்களுக்கு மானியக் கடன் தருகிறது. பொதுப்பணத்தில் வாங்கும் எந்த மெஷினும் மூடியில்லாமல் ஒருவர் கைக்குப் போகக் கூடாது. கை துண்டாகி வருகிற ஒவ்வொருவரைப் பற்றியும், வேலை செய்த இடத்தின் ஆள்கணக்கைப் பார்க்காமல், மருத்துவமனைகள் தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்துக்குத் தகவல் அனுப்ப அரசு ஆணையிட வேண்டும்.

மரத்தொழில் சங்கங்களுக்கும் முதலாளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். உங்களில் பலர் ரம்பத்தின் முன் நின்று வளர்ந்தவர்கள், சிலர் உங்கள் விரலையே கொடுத்தவர்கள். அடுத்த தலைமுறையிடமும் அந்த விலையைக் கேட்காதீர்கள்.

வாசகர்களுக்கும் வேலை இருக்கிறது. உங்கள் வீட்டில் மரவேலை நடந்துகொண்டிருந்தால் இன்றே போய்ப் பாருங்கள். தலைகீழாகத் திருகிய மார்பிள் கட்டரோ மூடியில்லாத பிளேடோ கண்ணில் பட்டால் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். சரியான ரம்பம் கொண்டுவர ஒப்பந்ததாரர் கூடுதல் பணம் கேட்டால் கொடுங்கள்.